மண்ணும் நாவும்: மாவோரி மக்களின் போராட்டம்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி எழுகிறது. "கூலி உயர்வு, போனஸ், பஞ்சப்படி, குத்தகைப் பாதுகாப்பு, இவற்றுக்காகப் போராடுகிறோம். சரி. ஆனால் ஒரு ஜனக்கூட்டம் தன் மொழி வேண்டும், தன் பாட்டு வேண்டும், தன் வழக்கம் வேண்டும் என்று கேட்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? வயிற்றுப்பாட்டுக்கு நடுவே இதெல்லாம் எதற்கு?" என்று தோழர்கள் கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு குரலும் வருகிறது. "பண்பாட்டை மீட்டால் போதும். நிலம், கூலி என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சில பெரிய மனிதர்கள் சொல்கிறார்கள்.

இரண்டுமே அரைப் பேச்சு. முழுப் பேச்சு எது என்பதை ஒரு நாட்டின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம். அந்த நாடு பூமியின் தென்கோடியில் உள்ள நியூசிலாந்து. அதன் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். தங்கள் நாட்டை அவர்கள் அவோட்டியாரோவா என்று அழைக்கிறார்கள்.

நமக்கும் அந்த நாட்டுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1836-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் அதன் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். உண்மையில் அது பாத்திரமல்ல, ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்துக்கள் இருந்தன. முகையதீன் என்ற பெயருடைய ஒருவரின் கப்பல் மணி அது. இன்று வெல்லிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் இன்று நாம் பேச வந்தது அந்தத் தொடர்பைப் பற்றி அல்ல. ஒரே வெள்ளை ஏகாதிபத்தியம் இரண்டு பேர் வீட்டிலும் புகுந்ததே, அந்தத் தொடர்பைப் பற்றித்தான்.

ஒரு ஒப்பந்தம், இரண்டு வாசகம்

1840 பிப்ரவரி 6-ஆம் தேதி வைட்டாங்கி என்ற இடத்தில் பிரிட்டிஷ் சர்க்காரும் மாவோரித் தலைவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். பின்னர் பல ஊர்களிலும் கையொப்பம் வாங்கப்பட்டது. மொத்தம் 500-க்கும் மேற்பட்ட தலைவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரி மொழி வாசகத்தில்.

சூது அங்கேதான் இருந்தது. நாட்டின் முழு இறையாண்மையையும் பிரிட்டிஷ் ராணிக்குக் கொடுத்துவிட்டதாக ஆங்கில வாசகம் சொல்லிற்று. மாவோரி வாசகமோ நிர்வாகம் செய்யும் பொறுப்பை மட்டும் கொடுப்பதாகவும், நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் தலைவர்களுடைய முழு ஆட்சி உரிமை அப்படியே நீடிக்கும் என்றும் சொல்லிற்று. ஒரு காகிதத்தில் வீட்டை வாடகைக்குக் கேட்டு, இன்னொரு காகிதத்தில் கிரயம் எழுதிக்கொள்வது போன்ற வேலை இது.

மோசம் விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஹோனே ஹெக்கே என்ற தலைவர், ஒப்பந்தத்தில் முதலில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர், 1844-45-இல் பிரிட்டிஷ் கொடிமரத்தை நான்கு முறை வெட்டிச் சாய்த்தார்.

துப்பாக்கிக்குப் பின்னால் வந்த கோர்ட்டு

மாவோரி மக்களுக்கு நிலம் என்றால் என்ன என்பதை அவர்களுடைய ஒரு சொல்லே காட்டிவிடும். ஃபெனுவா என்பது அந்தச் சொல். அதற்கு நிலம் என்றும் பொருள், நஞ்சுக்கொடி என்றும் பொருள். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியைத் தங்கள் குலத்தின் மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். நிலம் விற்று வாங்கும் சரக்கு அல்ல. குலம் முழுவதற்கும் பொதுவான தாய்.

இப்படிப் பொதுவாக இருக்கும் நிலத்தை எப்படிப் பறிப்பது? முதலில் பட்டாளம் வந்தது. 1863-இல் வைகாட்டோ பகுதியின் மீது பெரும் படையெடுப்பு நடந்தது. இந்தியாவில் நிறுத்தப்பட்டிருந்த வெள்ளைப் பட்டாளங்கள் சிலவும் அந்த யுத்தத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அதே ஆண்டில், "கலகம்" செய்தவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் இயற்றினார்கள். வைகாட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிபோயிற்று. சர்க்காரை எதிர்க்காமல் இருந்தவர்களின் நிலமும் சேர்ந்தே போயிற்று.

பட்டாளத்தால் முடியாததைக் கோர்ட்டு முடித்தது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நில நீதிமன்றம் செயல்பட்டது. குலம் முழுவதற்கும் சொந்தமான நிலத்தைப் பத்துப் பேருக்கு மிகாமல் பெயரெழுதிப் பட்டா கொடுத்தார்கள். மற்ற நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் நிலமற்றவர்கள் ஆனார்கள். வழக்குக்காகத் தொலைவிலுள்ள நகரத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். சர்வேக்கூலி கட்ட வேண்டும், கோர்ட்டுச் செலவு கட்ட வேண்டும். கடைக்காரன் கடன் கொடுப்பான். வழக்கில் ஜெயித்தாலும் கடனுக்கு நிலம் போய்விடும். வழக்குக்கே போகாதவன் நிலமோ அடுத்தவன் பெயருக்குப் போய்விடும்!

பட்டா, அடமானம், ஏலம் என்பதன் பொருளை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. விளைவை மட்டும் சொல்கிறோம். இன்று அந்நாட்டில் மாவோரி நிலம் என்று சட்டப்படி எஞ்சியிருப்பது மொத்த நிலப்பரப்பில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். 1896 கணக்கெடுப்பில் மாவோரி மக்கள் சுமார் 42 ஆயிரம் பேராகக் குறைந்துபோயிருந்தார்கள். "அழிந்துகொண்டிருக்கும் இனம்" என்று அவர்களைப் பற்றி வெள்ளைக் கனவான்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏர் பூட்டிய போராளிகள்

ஆனால் அவர்கள் சும்மா அழிந்துவிடவில்லை. விவசாயத் தொழிலாளத் தோழர்கள் இந்த ஊரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: பரிஹாக்கா.

தரநாக்கி பகுதியில் பறிமுதல் செய்த நிலத்தை அளந்து வெள்ளைக் குடியேறிகளுக்கு விற்கச் சர்க்கார் முனைந்தபோது, பரிஹாக்கா கிராமத்தின் தலைவர்கள் தெ விட்டி, டோஹு என்ற இருவரும் ஆயுதம் எடுக்க வேண்டாம் என்றார்கள். 1879-இல் அவர்களுடைய ஆட்கள் ஏரைப் பூட்டிக்கொண்டு, குடியேறிகளின் புல்வெளிகளுக்குள் இறங்கி உழுதார்கள். "இது எங்கள் நிலம்" என்பதை அவர்கள் கொழுமுனையால் மண்ணில் எழுதினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் மறுநாள் வேறு ஆட்கள் வந்து உழுவார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். விசாரணை இல்லாமலே அடைத்து வைப்பதற்கு என்று தனிச் சட்டம் போட்டார்கள். தென்தீவின் சிறைகளுக்கு அனுப்பிக் கடின உழைப்பு வாங்கினார்கள்.

1881 நவம்பர் 5-ஆம் தேதி சுமார் 1,600 ஆயுதப்படையினரும் தொண்டர்படையினரும் அந்தக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். அவர்களை எதிர்கொண்டவர்கள் யார்? பாட்டுப் பாடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள். ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள். கிராமம் முழுவதும் தரையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. படை தலைவர்களைக் கைது செய்தது. வீடுகளை இடித்தது, பயிரை அழித்தது, ஜனங்களைத் துரத்தியது. தெ விட்டியும் டோஹுவும் விசாரணையே இல்லாமல் 1883 வரை காவலில் இருந்தார்கள். திரும்பி வந்ததும் கிராமத்தை மறுபடி கட்டினார்கள். மறுபடி உழவும் நடந்தது.

இதற்குச் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2017-இல். 136 ஆண்டுகள் கழித்து!

பள்ளிக்கூடத்தில் பிரம்பு

நிலத்தைப் பறித்தவன் அதோடு நிற்க மாட்டான். பறிகொடுத்தவன் தன்னை இன்னார் என்று நினைவு வைத்திருக்கும்வரை நிலத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பான். ஆகவே நினைவையும் பறிக்க வேண்டும்.

1867-இல் சுதேசிப் பள்ளிச் சட்டம் வந்தது. பாடம் ஆங்கிலத்தில்தான் என்றது. பின்னால் வந்த தலைமுறைகளில் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குப் பிரம்படி கிடைத்தது. 1907-இல் இன்னொரு சட்டம் அவர்களுடைய வைத்தியர்களும் ஞானிகளுமான பெரியவர்களைக் குற்றவாளிகளாக்கியது. அந்தச் சட்டம் 1962 வரை புத்தகத்தில் இருந்தது.

1913-இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 90 பேர் தாய்மொழி பேசினார்கள். 1953-இல் அது 26 ஆயிற்று. 1975-இல் ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. அறுபதே ஆண்டுகள், தோழர்களே! அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து தாயானாள். "என் பிள்ளையாவது அடி வாங்காமல் இருக்கட்டும்" என்று தன் மொழியைப் பிள்ளையிடம் பேசாமல் விட்டாள். பிரம்பு ஓய்ந்த பின்னும் பயம் ஓயவில்லை. காலனி ஆட்சி விட்டுச்செல்லும் ஆழமான காயம் இதுதான். அடித்தவனுக்கு இனி வேலை இல்லை, அடிபட்டவனே தன் நாவை அடக்கிக்கொள்கிறான்.

ஆலைக்கு வந்த மாவோரி

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் நிலமற்ற மாவோரிகள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்கு வந்தார்கள். இறைச்சி பதனிடும் ஆலைகள், ரயில்வே, துறைமுகம், மரத் தொழில், சாலை வேலை, எங்கே உடல் முறிய உழைக்க வேண்டுமோ அங்கெல்லாம் அவர்கள் இருந்தார்கள். யுத்தம் முடியும்போது மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். 1986-க்குள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் நகரவாசிகள். கிராமத்தில் நிலம் போய் ஆலைக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. ஆகவே இது நமக்குப் புரியாத கதை அல்ல.

நகரம் அவர்களை வேரோடு பிடுங்கியது உண்மை. ஆனால் ஒன்றையும் கற்றுக்கொடுத்தது. சங்கம் சேர்வது, மனுக் கொடுப்பது, ஊர்வலம் போவது, மறியல் செய்வது! 1970-களில் எழுந்த இளைஞர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான சிட் ஜாக்சன் ஒரு தொழிற்சங்கவாதி.

1972 செப்டம்பர் 14-ஆம் தேதி, 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்று பார்லிமெண்டில் கொடுக்கப்பட்டது. ஹானா தெ ஹெமாரா என்ற இளம்பெண் அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார். பள்ளிகளில் எங்கள் மொழியைக் கற்றுக்கொடு என்பதே கோரிக்கை.

சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1975 செப்டம்பர் 14-ஆம் தேதி, 79 வயது மூதாட்டி ஃபினா கூப்பர் தலைமையில் வடகோடிக் கிராமமான தெ ஹாப்புவாவிலிருந்து ஒரு நடைப்பயணம் புறப்பட்டது. இனி ஓர் ஏக்கர் மாவோரி நிலமும் போகக்கூடாது என்பது கோஷம். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நடந்து, ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 13-ஆம் தேதி தலைநகர் வெல்லிங்டனில் சுமார் 5,000 பேர் பார்லிமெண்டு வாசலை அடைந்தார்கள். 60 ஆயிரம் கையொப்பங்கள் அவர்கள் கையில் இருந்தன. வழியில் இரவு தங்கியது ஊர்தோறும் உள்ள மாவோரிப் பொது மன்றங்களில். அந்த இரவுகளில் முதியவர்கள் பேசினார்கள், இளைஞர்கள் கேட்டார்கள். நிலத்துக்காக நடந்த நடையிலேயே மொழியும் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

506 நாட்கள்

ஆக்லாந்து நகரத்தில் ஙாட்டி ஃபாட்டுவா என்ற குலத்தாரின் கதை இன்னும் கொடியது. நகரமே அவர்களுடைய மண்ணின்மேல் எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிலம் போய், கடைசியில் கடற்கரையில் ஒரு சிறு கிராமம் மிஞ்சியது. நகரத்தின் சாக்கடைக் குழாயை அந்தக் கிராமத்தின் முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் கிராமத்தையே காலி செய்து வீடுகளைக் கொளுத்தினார்கள். எஞ்சியது பாஸ்டியன் பாயிண்ட் என்ற கடலோர மேடு. அங்கே பணக்காரர்களுக்கு மாளிகைகள் கட்ட 1970-களில் சர்க்கார் திட்டம் போட்டது.

1977 ஜனவரி 5-ஆம் தேதி ஜோ ஹாக் என்பவர் தலைமையில் ஜனங்கள் அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கூடாரம் போட்டார்கள், தோட்டம் போட்டார்கள். அப்போது ஆக்லாந்து நகரத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு என்ன செய்தது தெரியுமா? அந்த மேட்டில் கட்டட வேலைக்குத் தடை விதித்தது. அங்கே எந்தச் சங்கத் தொழிலாளியும் செங்கல் எடுத்து வைக்க மாட்டான் என்று அறிவித்தது. சங்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். மாளிகை எழுந்தால் வேலை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் மறுத்தார்கள்.

506 நாட்கள் கழித்து, 1978 மே 25-ஆம் தேதி, போலீசும் ராணுவமும் வந்து 222 பேரைக் கைது செய்தன. கூடாரங்களை இடித்துத் தள்ளின. தோற்றுப்போனார்களா? இல்லை. மாளிகை எழவில்லை. 1987-இல் வைட்டாங்கி நடுவர் மன்றம் அந்தக் குலத்தாரின் வழக்கில் நியாயம் உண்டென்று சொல்லிற்று. 1991-இல் சட்டம் போட்டு அந்த நிலம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பாட்டிமார் கட்டிய கூடு

அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. 1982-இல் வெல்லிங்டனுக்கு அருகே முதல் "மொழிக்கூடு" திறக்கப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வருவார்கள். மொழி தெரிந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் அவர்களோடு நாள் முழுவதும் மாவோரியிலேயே பேசுவார்கள், பாடுவார்கள், சோறூட்டுவார்கள். நடுவிலே ஒரு தலைமுறை ஊமையாகிவிட்டது. ஆகவே பாட்டி கையிலிருந்து பேரன் கைக்கு நேராக மொழியைக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. குடும்பங்களே கூடிச் செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் நாடெங்கும் சுமார் எண்ணூறு ஆயின.

1987-இல் மாவோரி மொழி ஆட்சிமொழி ஆயிற்று. 2004-இல் அவர்களுக்கென்று தொலைக்காட்சி வந்தது. 2023 கணக்கெடுப்பில் அந்த மொழி பேசத் தெரிந்தவர்கள் 2 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் மேல்.

காயம் ஆறிவிட்டதா?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் தொழிலாளி வர்க்கம் பாதிக் கதை கேட்டுத் திருப்தி அடையக்கூடாது.

அதே 1987-ஐ மறுபடி பாருங்கள். ஆகஸ்டில் மொழிச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு நான்கு மாதம் முன்னால், ஏப்ரல் 1-ஆம் தேதி, சர்க்காரின் வனத்துறை கலைக்கப்பட்டு லாபம் தேடும் கார்ப்பொரேஷனாக மாற்றப்பட்டது. மரத் தொழிலை நம்பியிருந்த மாவோரி ஊர்கள் அப்படியே வேலையிழந்து நின்றன. ரயில்வேயிலும் ஆட்குறைப்பு. இறைச்சி ஆலைகளும் மூடப்பட்டன. 1990-களின் தொடக்கத்தில் மாவோரித் தொழிலாளிகளில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஒரு கையால் மொழியைக் கொடுத்து, மறு கையால் சோற்றைப் பறித்தார்கள்! வேலை போன தகப்பன் ஊர் ஊராக அலையும்போது மொழிக்கூட்டுக்குப் பிள்ளையை அழைத்துப் போவது யார்?

இன்றும் அந்நாட்டுச் சிறைகளில் இருப்போரில் பாதிக்கு மேல் மாவோரிகள். ஜனத்தொகையிலோ அவர்கள் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 1950 முதல் 2019 வரை சர்க்கார் விடுதிகளிலும் மத ஸ்தாபனங்களின் விடுதிகளிலும் சுமார் 2 லட்சம் குழந்தைகளும் ஆதரவற்றோரும் கொடுமைக்கு உள்ளானார்கள் என்று 2024-இல் ஒரு விசாரணைக் கமிஷன் கூறியது. அவர்களில் மாவோரிகள் மிக அதிகம். பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

இழப்பீடும் கொடுக்கிறார்கள். 1995-இல் வைகாட்டோ குலத்தாருக்கு 17 கோடி டாலர் மதிப்புள்ள நிலமும் பணமும், எலிசபெத் ராணியின் கையொப்பத்தோடு மன்னிப்பும் கிடைத்தன. போனதில் சிறு பகுதிதான் இது. அந்தப் பணத்தைக் கொண்டு குலத்தின் பெயரால் கம்பெனிகள் நடக்கின்றன. வணிக வளாகங்கள் இருக்கின்றன. படிப்புக்கு உதவித்தொகை வருகிறது, நல்லதுதான். ஆனால் குலத்தின் பெயரால் கம்பெனி நடந்தாலும் கம்பெனி கம்பெனிதான். அங்கே தரை கூட்டும் மாவோரிப் பெண்ணுக்கும் கூலிப் பிரச்சினை உண்டு, சங்கம் வேண்டும். இதை மறைக்காமல் சொல்வதுதான் அந்த மக்களுக்கு உண்மையான மரியாதை.

2024: மறுபடி நடை

பெற்ற உரிமையும் காவல் இல்லாவிட்டால் களவு போகும். 2023-இல் அமைந்த கூட்டணி சர்க்கார் மாவோரி சுகாதாரத்துக்கென்று இருந்த தனி அமைப்பைக் கலைத்தது. 2024 நவம்பரில் வைட்டாங்கி ஒப்பந்தத்தின் கோட்பாடுகளைத் திருத்தி எழுத ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர் மந்திரி டேவிட் சீமோர். "எல்லோருக்கும் சம உரிமை" என்று அழகான பெயரும் சூட்டினார். நிலத்தைப் பறித்தவனும் பறிகொடுத்தவனும் இன்று முதல் சமம், பழைய கணக்கைப் பேசாதே என்பதே அந்தச் சமத்துவத்தின் அர்த்தம்.

ஜனங்கள் மறுபடி வடகோடியிலிருந்து புறப்பட்டார்கள். நவம்பர் 19-ஆம் தேதி வெல்லிங்டனில் 42 ஆயிரம் பேர் திரண்டதாகப் போலீசே கணக்குச் சொன்னது. வெள்ளையரும் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அதில் நடந்தார்கள். தொழிற்சங்கங்களின் மத்திய ஸ்தாபனமும் மசோதாவை எதிர்த்தது. எழுத்துமூலம் வந்த கருத்துக்கள் 3 லட்சம். அவற்றில் நூற்றுக்கு 90 மசோதாவுக்கு எதிர். 2025 ஏப்ரல் 10-ஆம் தேதி 112 வாக்குக்கு 11 என்று மசோதா தோற்றது.

அந்தக் கூட்டத்தில் மொழிக்கூடுகளில் வளர்ந்த இளைஞர்கள் ஏராளம். பாட்டி ஊட்டிய மொழியில் அவர்கள் கோஷம் போட்டார்கள்.

நாம் எடுத்துக்கொள்வது என்ன?

தோழர்களே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

மொழிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? பறித்தவனுக்கு அந்தச் சம்பந்தம் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவன் முதலில் நிலத்தையும் அடுத்து நாவையும் பறித்தான். தான் யார் என்று மறந்துபோனவன், தனக்கு வர வேண்டியது என்ன என்றும் கேட்க மாட்டான்.

பண்பாடு மட்டும் போதுமா? போதாது. நிலமும் வேலையும் இல்லாத இடத்தில் பண்பாடு உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டும் ஆட்டமாகிவிடும். காயத்துக்கு மருந்து மன்னிப்புக் காகிதம் அல்ல. பறித்ததைத் திருப்பிக் கொடுப்பதும், உழைப்பவனுக்குக் கௌரவமான வாழ்வும்தான் மருந்து.

மற்றவர்களின் கடமை என்ன? அதற்குப் பதில் பாஸ்டியன் பாயிண்டில் இருக்கிறது. மற்றவர்களுக்காகப் பேசுகிறோம் என்று முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. தங்கள் நிலத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மக்களே, வழிநடத்தியவர்களும் அவர்களே. தொழிலாளி செய்தது ஒன்றுதான்: அவர்களுக்கு எதிராகத் தன் கையைக் கொடுக்க மறுத்தான். கட்ட மாட்டேன், இடிக்க மாட்டேன் என்றான். முதலாளியிடம் பணம் இருக்கிறது, சர்க்காரிடம் போலீஸ் இருக்கிறது. ஆனால் செங்கல்லை எடுத்து வைக்கும் கை தொழிலாளியுடையது. அந்தக் கை எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று முடிவு செய்யும் பலம் நம்மிடம் இருக்கிறது.

பரிஹாக்காவின் உழவன் விசாரணையில்லாமல் சிறைப்பட்டபோது அவன் பக்கத்தில் எந்தச் சங்கமும் இல்லை. நூறு ஆண்டு கழித்து அவன் மக்கள் மேட்டில் உட்கார்ந்தபோது இருந்தது. வரலாறு முன்னேறியிருக்கிறது என்பதற்கு நாம் காட்டும் சான்று இதுதான். இனி எந்த நாட்டில், எந்த மலையில், எந்தக் காட்டில் ஒரு ஜனக்கூட்டம் தன் மண்ணையும் தன் நாவையும் திரும்பக் கேட்டாலும், அவர்களுக்கு எதிராக நம் கை உயராது என்று உறுதி சொல்வோம்!